ரிப்போர்ட் நார்மல், காய்ச்சல் விடவில்லை

கூடுவாஞ்சேரி மார்க்கெட் தெருவில் டெய்லர் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. வயது 72. என்னைவிட இருபது வருடம் மூத்தவர். முப்பது வருடமாக நண்பர். உடம்பு இளைப்பதை அவர் எடை மெஷினில் ஏறித் தெரிந்துகொள்ளவில்லை. கழுத்தில் கிடக்கும் இஞ்சு டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தார். தீபாவளிக்கு முன்னால் 34. பொங்கலுக்கு 32. மாசி முடிவதற்குள் 30.

"பேண்ட்டைப் புடிச்சுத் தைக்கலாம் தம்பி. ஆளைப் புடிச்சுத் தைக்க முடியுமா?" என்றார். சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் காய்ச்சல் ஏறும். ராத்திரி பனியன் நனைகிற அளவு வேர்க்கும். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல உடம்பு ஜில்லென்று இருக்கும். டாக்டர்களிடம் போவது காலையில்தான். அவர்கள் தெர்மாமீட்டர் வைக்கும் நேரத்தில் காய்ச்சல் இருக்காது. ஐந்து மாதமாக இதுதான் கதை.

இந்த ஐந்து மாதத்தில் அவர் ஐந்து டாக்டர்களைப் பார்த்துவிட்டார். நோய்க்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் டாக்டர்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை முழுசாகப் போய்விட்டது. "எல்லாரும் கம்பெனிக்காரங்கதான். ஸ்கேன் சென்டர்ல இவங்களுக்குக் கமிஷன்" என்கிறார். அவர் ஒருவர் மட்டும் சொல்வதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதையே சொல்லக் கேட்கலாம். இந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு, இதனால் நோயாளிக்கு விளையும் கேடு எவ்வளவு என்பதை ஒரு ஆளை அருகில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

கட்டைப்பைக்குள் ஐந்து டாக்டர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் ரிப்போர்ட்டுகளைப் போட்டுவைத்திருந்த கட்டைப்பையைக் கவிழ்த்தோம். ஜவுளிக்கடை கொடுத்த பை. எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மடித்து மடித்துக் கிழிந்துபோன மருந்துச் சீட்டுகள். தேதி வாரியாக அடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவற்றை யாரும் அடுக்கியதில்லை. எந்த டாக்டரும் முழுசாகப் பார்த்ததுமில்லை.

முதல் டாக்டர் 'வைரல்' என்றார். இரண்டாமவர் வைடால் டெஸ்ட் எடுத்து 'டைபாய்டு' என்று பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். மூன்றாமவர் 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று வேறொரு ஆன்டிபயாடிக். நான்காமவர் நோய்க்குப் பெயரே சொல்லாமல் ஊசி போட்டார். ஐந்தாவது, ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. இரண்டு நாள் அட்மிஷன், தலை முதல் கால்வரை பரிசோதனை, நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் பில். முடிவில் சொன்னது: "எல்லாம் நார்மல்தான். இ.எஸ்.ஆர். மட்டும் கொஞ்சம் கூட இருக்கு. வயசாச்சு இல்லையா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அண்ணன் உடைந்துபோனார். வயது போன வருடமும் ஆகித்தான் இருந்தது. அப்போது காய்ச்சல் இல்லையே!

தாள்களை அடுக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. வயிற்றுப் புண்ணுக்கான ஒரே மாத்திரையை இரண்டு வேறு கம்பெனிப் பெயரில் அவர் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் எழுதியது ஒன்று, ஐந்தாமிடத்தில் எழுதியது இன்னொன்று. எதையும் நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

டாக்டர்களோடு பழகியவர்களுக்கு இது புரியும்: 'நார்மல்' என்பது மருத்துவத்தில் நல்ல செய்தி. இன்னின்ன நோய் இல்லை என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போவதுதான் நோய் கண்டுபிடிக்கும் வழி. ஆனால் காசு கொடுத்தவருக்கு அது வேறுவிதமாகக் கேட்கிறது. "நார்மல்னா எதுக்கு எடுக்கச் சொன்னாங்க?" நோய் தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும்போது, நார்மல் என்று வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தன்னை ஏமாற்றியதற்கான சாட்சியாக மாறிவிடுகிறது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் "இதில் ஒன்றும் வராமல் போகலாம், வராவிட்டாலும் நமக்கு அது உதவும்" என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் அண்ணன் புரிந்துகொண்டிருப்பார். துணியை வெட்டும் முன் நாலு தடவை அளந்து பார்க்கிற ஆள் அவர்.

"அளவெடுக்காம யாராவது துணி வெட்டுவாங்களா தம்பி? அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட சட்டையைக் கழட்டச் சொல்லல. தொட்டே பாக்கல."

இதை முதியவரின் புலம்பல் என்று தள்ள முடியாது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பரவலாக உள்ள ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். புதர்களில் இருக்கும் உண்ணி போன்ற சிறு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, துணிக்குள் மறைந்திருக்கும். துணியை விலக்கிப் பார்க்கும் டாக்டருக்கு அது பல சமயம் உடனே அகப்பட்டுவிடும். மருந்தும் விலை மலிவான டாக்சிசைக்ளின்தான். பார்க்காமல் விட்டால் ஆளையே கொல்லும்.

கைராசி

ஐந்து டாக்டர்களில் அண்ணனுக்குப் பிடித்தவர் ஒருவர்தான். ஊசி போட்ட நான்காமவர். "அவர் கைராசிக்காரர். ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் விட்டுச்சு, நல்லா பசிச்சுது, ரெண்டு நாள் இருபது வயசுப் பையன் மாதிரி இருந்தேன்."

அந்தச் சீட்டில் எழுதியிருந்தது டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. காய்ச்சலை அமுக்கும், பசியைக் கிளப்பும், உடம்பில் தெம்பு ஊறியதுபோல் காட்டும். காய்ச்சலுக்குக் காரணமான நோயை அது தொடாது, டி.பி. போன்ற நோயாக இருந்தால் வளரவும் விட்டுவிடும். நோயை மறைத்தவர் கைராசிக்காரர் ஆனார். 'இன்னும் தெரியவில்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைக் கையாலாகாதவர் என்றிருப்போம். இந்த இடத்தில் நம் பங்கையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கேடு இதோடு நிற்பதில்லை. பாதியில் விட்ட ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அடுத்த டாக்டரின் கண்ணைக் கட்டுகிறது. மருந்து உள்ளே இருக்கும்போது ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினால் கிருமி வளராமல் போகலாம். லிவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து டி.பி.யை அரைகுறையாக அடக்கி, சளிப் பரிசோதனையில் பிடிபடாமல் செய்துவிடும். வைடால் டெஸ்ட்டை ஒரே ஒரு முறை எடுத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது சரியில்லை என்று பாடப் புத்தகமே சொல்கிறது. ஆனாலும் ஊருக்கு ஊர் லேபில் அதுதான் ஓடுகிறது. நம்பிக்கை போனதால் டாக்டரை மாற்றுகிறோம். மாற்ற மாற்ற நோய் இன்னும் ஆழத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க முடியாத அடுத்த டாக்டர் மேலும் நம்பிக்கை போகிறது. டெய்லர் அண்ணனின் கட்டைப்பை முழுக்க இருந்தது இதுதான்.

காரணம் தெரியாத காய்ச்சல் என்பதற்கு மருத்துவத்தில் தனி இலக்கணமே உண்டு. பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1961-இல் வகுத்தது: 101 டிகிரிக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல், ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு வாரம் பார்த்தும் காரணம் பிடிபடாத காய்ச்சல். நம் நாட்டில் இதற்குப் பின்னால் அதிகம் ஒளிந்திருப்பது டி.பி. வயதானவர்களுக்கு நிணநீர்ப் புற்று, ரத்தக்குழாய் அழற்சி என்று பட்டியல் நீளும். நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படி வந்த நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கடைசிவரை காரணம் கிடைக்கவில்லை. எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே நிலைமை இது. 'தெரியவில்லை' என்று சொல்வதில் ஒரு டாக்டருக்கு அவமானம் எதுவும் இல்லை.

மூன்றாவது ஸ்டேஷன்

2024 நவம்பர் 13-ஆம் தேதி, புதன்கிழமை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. புற்றுநோய்ப் பிரிவில் ஓ.பி. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பாலாஜி ஜெகந்நாதனை ஒரு இளைஞர் கத்தியால் பலமுறை குத்தினார். அங்கே சிகிச்சை பெற்றுவந்த ஒரு தாயின் மகன். அம்மாவுக்குக் கொடுத்த சிகிச்சை சரியில்லை என்ற சந்தேகம்தான் காரணம் என்று செய்திகள் வந்தன. டாக்டர் பிழைத்துக்கொண்டார். தமிழ்நாடு முழுக்க டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

அந்தக் குடும்பம் பெருங்களத்தூர். கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் ஊரப்பாக்கம், வண்டலூர், மூன்றாவதாகப் பெருங்களத்தூர். அன்று சாயங்காலம் எங்கள் டீக்கடையில் பேசிய பேச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. குத்தியது தப்பு என்று எல்லோரும்தான் சொன்னார்கள். ஆனால் 'தப்புதான்' என்று தொடங்கிய ஒவ்வொரு பேச்சும் 'ஆனா...' என்று முடிந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. அந்த 'ஆனா'தான் எனக்குப் பயம் தந்தது.

கத்திக்கு எந்த 'ஆனா'வும் கிடையாது. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் டாக்டர் சேதுலட்சுமி அவரது கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் ஒரு நோயாளியின் கணவர். அதற்கு முன்பே, 2008-லேயே, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருந்தது. சட்டம் இருந்தும் 2012 நடந்தது, 2024-உம் நடந்தது. கிண்டிச் சம்பவத்துக்குப் பிறகு நோயாளியோடு வருகிறவர்கள் கையில் கலர் டேக் கட்டும் முறை வந்தது. வாசலில் காவல் வேண்டியதுதான். ஆனால் ஓ.பி. அறைக்குள்ளே, மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் இல்லாமல்போன பேச்சை எந்த டேக் கொண்டுவரும்?

பேச நேரம் எங்கே என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 67 நாடுகளின் கணக்கைத் திரட்டி 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழ் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் தரும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் சட்டையைக் கழற்றி மாட்டவே நேரம் போதாது. அண்ணனைத் தொட்டுப் பார்க்காத ஐந்து பேரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வரிசை நின்றது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய மருத்துவ அகாடமி 2015-இல் நோயறிதல் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. நோயறிதல் பிழை என்றால் என்ன என்று அதில் விளக்கியபோது, நோயைச் சரியாக, உரிய காலத்தில் கண்டுபிடிக்காதது மட்டும் பிழை என்று விடவில்லை. கண்டுபிடித்ததை நோயாளிக்கு எடுத்துச் சொல்லாததும் பிழைதான் என்று எழுதியது. சொல்லாமல் விடுவதும் நோயைத் தவறாகக் கணிப்பதும் ஒரே தட்டில்! நம் மருத்துவக் கல்லூரிகளில் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி இது.

பெயரில்லாத நோய்க்கு எங்கே போவது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை உண்டு. ஏழை வீடுகளை அது எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சில பரிசோதனைகள் நீங்கலாக, அதில் உள்ளவை பெரும்பாலும் பெயர் உள்ள சிகிச்சைகள். இதய ஆபரேஷன் என்றால் பேக்கேஜ் இருக்கிறது. 'சாயங்காலக் காய்ச்சல், காரணம் தெரியவில்லை' என்பதற்கு எந்தப் பேக்கேஜ்? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அண்ணிக்குச் சர்க்கரை, மாத்திரை தவறாமல் வருகிறது. அதே வீட்டில் அதே வாசலில் உட்கார்ந்திருக்கும் அண்ணனின் நோய்க்குப் பெயரில்லை, அதனால் யாரும் அவரைத் தேடி வருவதில்லை.

வயதானவர்களின் உடம்பு இளையவர் உடம்புபோலப் பேசாது என்பதைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே புரிந்துகொண்டது. டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு வந்தது. முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் 200 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அதுவும் அந்தக் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில்தான். ஒரே மதிற்சுவருக்குள் கத்திக்குத்தும் நடந்தது, முதியவர்களை முழு ஆளாக உட்காரவைத்துப் பார்க்கும் இடமும் இருக்கிறது. அப்படி ஓர் இடம் இருப்பது கூடுவாஞ்சேரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்து டாக்டர்களில் ஒருவர்கூட அண்ணனிடம் சொல்லவில்லை.

பழைய குடும்ப டாக்டர் முறை போனதும் பெரிய இழப்பு. வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கிய திருவேங்கடம் 2020-இல் இறந்தபோது வடசென்னை கலங்கியது குறைந்த காசு என்பதற்காக மட்டும் இல்லை. அவர் அங்கேயே இருந்தார். அப்பாவைப் பார்த்தவர் மகனையும் பார்த்தார். இன்று ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் போர்டுகள் பெருகிவிட்டன. ஆறு மாதம் கழித்துப் போனால் அதே நாற்காலியில் வேறு டாக்டர்.

அளவு நோட்டு

ஆறாவதாக நான்தான் அண்ணனை வற்புறுத்திச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். "பெரியாஸ்பத்திரியில இன்னா பண்ணப்போறாங்க" என்றபடியே வந்தார். அடுக்கிவைத்த ஃபைலை நீட்டினேன். பொது மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டர் வயதில் சின்னவர். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு சொன்னது எங்களைத் தூக்கிவாரிப்போட்டது: "எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திடுங்க. வயித்துப் புண் மாத்திரை ரெண்டுல ஒண்ணு போதும். தினம் நாலு வேளை காய்ச்சல் பாத்து எழுதிக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

வெளியே வந்ததும் அண்ணன் வெடித்தார். மருந்தே கொடுக்காத டாக்டர் ஒரு டாக்டரா? ரயிலில் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

ஆனால் எழுதினார். வாடிக்கையாளர் அளவு எழுதும் அந்த நீள நோட்டில், தோள், மார்பு, இடுப்பு என்று கோடு போட்ட கட்டங்களில், காலை, மதியம், மாலை, ராத்திரி என்று டிகிரியை எழுதினார். தையல்காரரின் கையெழுத்து, ஒரு புள்ளி தப்பவில்லை. பதினாலு நாள், ஐம்பத்தாறு அளவு.

இரண்டு வாரம் கழித்து அந்த டாக்டர் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கழுத்து, அக்குள், வயிறு, நெற்றிப்பொட்டு என்று ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஐயா, என்னன்னு இன்னும் தெரியல. என்ன இல்லைன்னு கொஞ்சம் தெரியுது. எலும்பு மஜ்ஜையில டெஸ்ட் எடுக்கணும். அதுலயும் வராம போகலாம். நீங்க வேற எங்கயும் போகாதீங்க, நான் பாத்துக்கிறேன்."

ஐந்து மாதத்தில் அண்ணன் கேட்ட முதல் 'தெரியல' அது. வெளியே வந்தவர் கேன்டீனில் தானாகவே இரண்டு இட்லி கேட்டார்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவரைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். தாள்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். சிகிச்சை ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி சொல்கிறது; தயங்காமல் கேளுங்கள். பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவதையும் அதே விதி தடுத்திருக்கிறது. இன்னொரு டாக்டரிடம் யோசனை கேட்பது உங்கள் உரிமை. கேட்டுவிட்டு முதல் டாக்டரிடம் திரும்பிப் போய் அதைச் சொல்லுங்கள். என்ன மாத்திரை போடுகிறோம், யாரிடம் ஊசி போட்டோம் என்பதை மறைக்காதீர்கள். டாக்டர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். கைவிட மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

மஜ்ஜைப் பரிசோதனை முடிந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. வரும் வியாழக்கிழமை அண்ணனுக்கு ஓ.பி. நேற்று சாயங்காலம் நோட்டில் எழுதியிருந்தது: 100.2.